"கை கழுவுறதுல கேக்க என்ன இருக்கு டீச்சரே?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக மூன்று ஊர்களில் வேலை பார்த்தேன். முதலில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், பிறகு குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில், கடைசியாகத் தக்கலைப் பக்கம். ஊர் மாறினாலும், கை கழுவுவதைப் பற்றிப் பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்ட சந்தேகங்கள் மாறவில்லை. வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் பள்ளிக்கு வராமல் இருந்ததைப் பார்த்த வருத்தத்தில்தான் இவற்றைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

வெறும் வெள்ளத்துல நல்லா தேய்ச்சுக் கழுவினா போதாதா டீச்சரே?

(விளவங்கோடு பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள்.) போதாது. மீன் கறி சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். தேங்காய் அரைத்த கறியின் பிசுக்கு விரலிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் அப்படித்தான், கையில் இயல்பாக ஊறும் எண்ணெயோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடிவிடும்.

சோப்பின் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு முனை உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நாம் தேய்க்கும்போது பிசுக்கும் அதிலுள்ள கிருமியும் தோலை விட்டுக் கழன்று, தண்ணீரோடு போய்விடும். கொரோனா போன்ற சில வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பால் ஆன ஒரு உறை இருக்கும். சோப்பு அந்த உறையையே உடைத்துவிடும்.

சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் வந்த இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. சளி, இருமல்கூட ஓரளவு குறையும்.

நாள் பூரா கழுவிக்கிட்டே இருக்க முடியுமா? எப்பெல்லாம் கழுவணும்?

நாள் முழுக்க வேண்டாம், சரியான நேரத்தில் கழுவினால் போதும். கழிவறைக்குப் போய் வந்ததும், மலம் கழித்த குழந்தைக்குக் கால் கழுவி விட்டதும் கட்டாயம். சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், குழந்தைக்கு ஊட்டும் முன்பும் கட்டாயம். பச்சை மீன், கோழி, இறைச்சி தொட்ட பிறகும், மூக்குச் சிந்திய பிறகும், ஆடு, மாடு, நாயைத் தொட்ட பிறகும், குப்பை அள்ளிய பிறகும் கழுவுங்கள்.

இவற்றில் அதிகம் தவறிப்போவது குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகு. "பச்சப் பிள்ளைதானே, அதுல என்ன அசிங்கம்?" என்று எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் குழந்தையின் மலத்திலும் பெரியவர்களுடையதில் இருப்பது போலவே நோய்க்கிருமிகள் இருக்கலாம். அதே கையோடு அடுக்களைக்குப் போனால் வீட்டில் எல்லோருக்கும் பரவும்.

சாப்பிடுறது வலது கையில. அத மட்டும் கழுவினா போதும்லா?

நம் ஊர் வழக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். சாப்பிட உட்காரும் முன் வலது கையின் விரல் நுனியைத் தண்ணீரில் நனைக்கிறோம். சாப்பிட்டு எழுந்த பிறகு, மீன் வாடை போகவேண்டும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். சோப்பு அதிகம் தேவைப்படுவது சாப்பிடும் முன்புதான். சாப்பிட்ட பிறகு கழுவுவதை விடவேண்டாம், முன்பும் கழுவுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

இடது கை சும்மா இருப்பதில்லை. தம்ளரின் விளிம்பைப் பிடிக்கிறது, கறிப் பாத்திரத்தைத் தள்ளுகிறது, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயைத் துடைக்கிறது. அதோடு ஒரு கையை இன்னொரு கையால்தான் தேய்க்க முடியும். இரண்டையும் சேர்த்தே கழுவுங்கள்.

இருபது செகண்ட் தேய்க்கணும்னு சொல்றாங்க. யாரு எண்ணிக்கிட்டு நிப்பா?

எண்ண வேண்டாம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை நிதானமாகச் சொல்லிக்கொண்டே தேய்ப்பார்கள், முடிக்கும்போது இருபது நொடி தாண்டியிருக்கும். வாய்ப்பாடும் மனதில் நிற்கும். அப்புறம், நேரத்தைவிட முக்கியம் எங்கே தேய்க்கிறோம் என்பது.

வகுப்பில் ஒரு சோதனை செய்வேன். பிள்ளையின் கையில் ஒரு சொட்டு தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவி, வழக்கம்போலக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். உள்ளங்கை சுத்தமாக இருக்கும். பெருவிரலைச் சுற்றியும், விரல் இடுக்கிலும், நகக்கண்ணிலும், புறங்கையில் முட்டி மடிப்பிலும் மஞ்சள் அப்படியே இருக்கும். ஒரு தடவை இதைப் பார்த்த பிள்ளைக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள், பெரியவர்களின் கையிலும் அதே இடங்களில்தான் மஞ்சள் நிற்கும். உள்ளங்கை, புறங்கை, இடுக்கு, முட்டி, பெருவிரல், நகநுனி, மணிக்கட்டு என்ற வரிசையில் தேய்த்தால் எதுவும் விடுபடாது.

சுடுதண்ணி வேணுமா?

வேண்டாம். கை தாங்கும் சூட்டில் கிருமி சாகாது. பச்சைத் தண்ணீரே போதும்.

எங்க ஊரு தண்ணி உப்பு. சோப்பு நுரையே வரமாட்டேங்குது, அப்போ கழுவி என்ன பிரயோசனம்?

கடற்கரை ஊர்களில் தினமும் கேட்ட கேள்வி. போர்த் தண்ணீரிலும் சில கிணறுகளிலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும், பக்கெட்டில் படிகிற வெள்ளைப் படலம் அதுதான். சோப்பின் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடுவதால் நுரை குறைகிறது.

நுரை இல்லை என்பதற்காக வேலை நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சோப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கை வழுவழுப்பாகும்வரை தேய்த்தால் போதும். திரவ ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் வேறு வகைப் பொருளால் செய்யப்படுவதால், உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குடத்திலிருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள், தோல் வறளாது.

ஒரே சோப்பை எல்லாரும் தொடுறாங்களே, கிருமி அதுலயே ஒட்டியிருக்காதா?

கட்டிச் சோப்பின் மேல் கிருமி இருக்கக்கூடும். ஆனால் நாம் தேய்த்து அலசும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ஒருவர் பயன்படுத்திய சோப்பால் அடுத்தவருக்கு நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். சோப்பு தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) மூன்று ஓட்டை போட்டு அதில் வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். எங்கள் பள்ளிக் குழாயடியில் பழைய வலைத் துண்டில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கீழே விழாது, காக்கை தூக்கிக்கொண்டு போகாது.

நான் கவலைப்படுவது திரவ ஹேண்ட்வாஷ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நீட்டுவதைப் பற்றித்தான். தண்ணீர் கலந்தால் அதிலுள்ள கெடாமல் காக்கும் பொருளும் நீர்த்துப்போய், பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளரலாம். தீர்ந்த பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

விலை கூடின மருந்து சோப்பு வாங்கினாத்தான் கிருமி சாகுமா?

தேவையில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல், டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்கள் கலந்த கிருமிநாசினி சோப்புகளை வீட்டு உபயோகத்துக்கு விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. சாதாரண சோப்பைவிட அவை மேலானவை என்பதைத் தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது முக்கியக் காரணம். பத்து ரூபாய்ச் சோப்பு போதும். விலை கூடிய ஒன்றை வாங்கி, தீர்ந்துவிடுமே என்று அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, மலிவான சோப்பில் மூன்று வாங்கி, கழிவறைப் பக்கம் ஒன்று, அடுக்களையில் ஒன்று, முற்றத்துக் குழாயடியில் ஒன்று என்று வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் "கை கழுவிட்டு வாங்க" என்று தினமும் சொல்வேன். பிள்ளைகளும் ஓடிப்போய்க் கையை நனைத்துவிட்டு வருவார்கள். சோப்பு அலுவலக அறைப் பீரோவில் இருந்தது. கேட்கிற பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும், எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. குழாயடியில் தொங்கவிட்ட அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளும் போட்டார்கள்.

சானிடைசர் பையில இருக்கு. அப்புறம் எதுக்கு சோப்பு?

நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, வழியில் ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கிறது, குழாய் இல்லை. அப்போது சானிடைசர் நல்லது. ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும், பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை நிறைய எடுத்து, நான்காம் கேள்வியில் சொன்ன அதே இடங்களிலெல்லாம் தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். புடவையில் துடைத்துவிட்டால் பலன் இல்லை.

கையில் மண், மீன் செதிள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸ் மேலும் அதற்குப் பெரிய பலமில்லை. அதனால் கழிவறைக்குப் போய் வந்த பிறகு சோப்புதான். கை காய்வதற்குள் அடுப்புப் பக்கம் போகாதீர்கள், ஆல்கஹால் தீப்பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்க பாட்டா காலத்துல சாம்பலும் மண்ணும் வச்சுத்தான் கழுவினாங்க. அவங்க நல்லா இருக்கலியா?

சாம்பலுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. விறகுச் சாம்பலில் காரத்தன்மை இருக்கிறது, பிசுக்கை எடுக்கும். சோப்பே இல்லாத சமயத்தில், விறகு மட்டும் எரிந்த சுத்தமான சாம்பலைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் போட்டு எரித்த சாம்பல் ஆகாது. கையில் வெடிப்பு இருந்தால் எரியும்.

மண் வேண்டவே வேண்டாம். மண்ணில் உருளைப்புழுவின் முட்டைகள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். பாட்டா நல்லா இருந்தார், சரி. பாட்டாவோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் சின்ன வயதிலேயே வயிற்றாலப் போய் இறந்துபோனார்கள் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயராவது சொன்னார்கள்.

கோடையில குடிக்கவே தண்ணி பத்தல. கை கழுவ எங்க போக?

தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டால் அரை லிட்டர்கூட ஆகாது. குழாயே இல்லாத இடத்தில் நாங்கள் செய்தது இது: ஐந்து லிட்டர் கேனின் மேல்பகுதியில் ஆணியைச் சூடாக்கிச் சின்ன ஓட்டை போட்டு, கைப்பிடியில் கம்பு செருகித் தொங்கவிட்டோம். கேனின் கழுத்தில் கயிறு கட்டி, கீழே ஒரு குச்சியில் முடிந்தோம். குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சரிந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும், காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டியதில்லை. பிள்ளைகள் அதை மிதிப்பதற்காகவே கை கழுவ வந்தார்கள்.

பால் வெட்டிட்டு வந்தா கையெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கு. பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா?

(பால் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது.) கூடாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தோலின் எண்ணெயை உறிஞ்சி வெடிப்பை உண்டாக்கும், தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும். ரப்பர் பாலைக் காயவிட்டு உருட்டி எடுங்கள், மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பால் போலவே உரிந்து வரும். மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி, பழைய துணியால் துடைத்து, பிறகு சோப்பு. சக்கை (பலாப்பழம்) வெட்டின பிசினுக்கும் இதே வைத்தியம்தான், நம் பாட்டிகள் சக்கை வெட்டும் முன்பே கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவியது அதனால்தான். ரப்பர் ஷீட்டுக்குப் பால் உறைய ஊற்றும் ஆசிட் கையில் பட்டால் மட்டும் எண்ணெய் தேடாதீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) வேலை செய்யும் அக்காமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்டித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும். கறுத்த கையைச் சுத்தமாக்குகிறேன் என்று கல்லில் தேய்த்தால் புண் ஆழமாகும். வேலைக்கு முன் கையுறை, அது இல்லையென்றால் எண்ணெய் தடவுவது, வேலை முடிந்ததும் சோப்பு. கறை இருப்பது அழுக்கு இருப்பதாகாது. கறுத்த கையை மறைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்தக் கைகளைப் பார்த்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மீன் வெட்டின வாடை சோப்புப் போட்டாலும் போகல. கை சுத்தமாகலியா?

வாடையும் கிருமியும் வேறு வேறு. சாளையோ அயலையோ வெட்டும்போது கையில் ஏறும் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. அதனால் புளிக்கரைசலோ எலுமிச்சையோ தேய்த்தால் அடங்கும். ஆனால் எலுமிச்சை கிருமியைப் போக்காது, அதற்குப் பிறகு சோப்பு வேண்டும். வாடை போகாவிட்டாலும், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்திருந்தால் கை சுத்தம்தான்.

மீன் வெட்டிய கையோடு மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறப்பதைத்தான் நான் பயப்படுவேன். கையைக் கழுவிவிடுவோம், டப்பாவைக் கழுவ மாட்டோம். வெட்ட உட்காரும் முன்பே மசாலாவை எடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவின கைய எதுல துடைக்க? முந்தானை போதாதா?

ஈரக்கையில் கிருமி சுலபமாக ஒட்டும், பரவும். அதனால் துடைப்பதும் கழுவுவதில் சேர்ந்ததுதான். நாள் முழுக்க அடுப்படியில் புழங்கிய முந்தானை வேண்டாம். கை துடைக்க என்று ஒரு துவர்த்து (துண்டு) தனியாக வைத்து, தினமும் அலசி வெயிலில் போடுங்கள். அது இல்லாத இடத்தில் கையை உதறிக் காயவிடுவது எவ்வளவோ மேல்.

கழுவிக் கழுவி கை வெடிச்சுப் போச்சு. இப்போ என்ன செய்ய?

முதலில், தேவையில்லாத நேரத்தில் கழுவுவதைக் குறையுங்கள், இரண்டாம் கேள்வியில் சொன்ன நேரங்கள் போதும். துணி துவைக்கும் சோப்பால் கை கழுவ வேண்டாம். கழுவியதும் ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய் தடவுங்கள். வெடித்த தோலில் கிருமி தங்கும் என்பதால், கையைப் பேணுவதும் சுத்தத்தைச் சேர்ந்ததே. அரிப்போ நீர்க்கசிவோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை ராத்திரி முழுக்க ஆசனவாயில சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். அதுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல்போல இருக்கும். பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை சொறியும்போது முட்டை நகத்துக்குள் ஏறும், காலையில் அந்த விரலைச் சூப்பினால் திரும்ப வயிற்றுக்குள் போகும். மாத்திரை கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தவிக்கும் அம்மாக்களுக்கு இந்தச் சுற்று தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள். எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் நகநுனியைச் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள், உள்ளாடையைத் தினமும் மாற்றுங்கள். டாக்டர் மாத்திரை தந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும் போட வேண்டியிருக்கும். மருந்து முட்டைகளை அழிக்காது என்பதால்தான் இந்த இரண்டாம் தடவை. தேசியக் குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நாங்க சோப்புப் போட்டுத்தான் கழுவுறோம். ஆனாலும் பிள்ளைக்கு வயித்தால போகுதே?

கை ஒரு வழி. தண்ணீர் இன்னொரு வழி. ஒரு வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே அந்த அம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்தார். குடத்துக்குள் செம்பை விட்டபோது அவர் விரல் நான்கும் தண்ணீருக்குள் முங்கி எழுந்தன. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் அது. அன்றைக்கே நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றைக் குடத்தடியில் மாட்டச் சொன்னேன், மாட்டினார்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள், விரல் படாமல் எடுங்கள். அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து போனாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பிள்ளைய பாக்க வர்றவங்ககிட்ட கை கழுவிட்டுத் தொடுங்கன்னா மைனி கோவிச்சுக்கிறாங்க. எப்படிச் சொல்ல?

(மைனி என்றால் அண்ணன் மனைவி.) கஷ்டமான கேள்வி இதுதான். படித்த டாக்டர்களுக்கே இதைச் சொன்னபோது கோபம் வந்தது. வியன்னாவில் 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார் காய்ச்சல் கண்டு சாகிறார்கள் என்று கண்டுபிடித்தார். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். நூறு தாய்மாரில் பத்துக்கும் மேல் செத்துக்கொண்டிருந்த வார்டில், சில மாதங்களில் அது ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆனாலும் கூட இருந்த டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. "எங்கள் கை அழுக்கா?" என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது. மைனிக்கும் அதுதான் உறுத்துகிறது.

அதனால் ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். "டாக்டர் எல்லாரையும் கழுவச் சொல்லியிருக்காங்க மைனி, நானும் இப்பதான் கழுவினேன்" என்று சொல்லிப் பாருங்கள். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் கழுவினாலும் தூக்க வேண்டாம், தூரத்திலிருந்தே பார்க்கட்டும்.

இன்னொரு வழியைத் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். நம் பழைய வீடுகளில், வருகிறவர்கள் கால் கழுவ வாசலில் கிண்டியில் (மூக்கு வைத்த செம்பில்) தண்ணீர் வைப்பார்கள் இல்லையா, அதுபோல அந்த வீட்டில் படியோரம் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கப், ஓட்டைச் சிரட்டையில் சோப்பு, கொடியில் ஒரு வெள்ளைத் துவர்த்து. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் போன நேரம், சந்தையிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் பையை இறக்கி வைத்து, காலைக் கழுவி, கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "பிள்ளை எங்கட்டி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.